பிள்ளையைக் கேட்டீர்களா?

குழந்தையின் இருதயம் திடீரென்று நிமிஷத்திற்கு 200 தடவைக்கு மேல் துடிப்பது பேயுமல்ல, தலைவிதியுமல்ல. பெரும்பாலும் பிறவியிலேயே இருதயத்தில் அமைந்துவிட்ட அதிகப்படியான ஒரு மின்சார வழியின் வேலையேயாகும். 1930-ல் உல்ஃப், பார்க்கின்சன், ஒயிட் என்ற மூன்று வைத்தியர்கள் விவரித்த இக்கோளாறை, இன்று தொடை இரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பியைச் செலுத்தி, அவ்வழியைச் சுட்டு, அநேகருக்கு அடியோடு தீர்த்துவிடுகிறார்கள்.

நிற்க, துடிப்பு சரியானதும் குழந்தையும் சரியாகிவிட்டதா? மறுபடி வருமோ என்ற பயம் பல குழந்தைகளை விடுவதில்லை. வைத்தியர் விளையாடலாமென்று சொன்ன பிறகும், "ஓடாதே, குதிக்காதே" என்று பெற்றோர் அடைத்து வைத்தால், அது அன்பா, தண்டனையா என்று கேட்கின்றோம்.

"குழந்தைக்கு என்ன தெரியும்?" என்பார்கள். பிள்ளைகளின் வாழ்க்கை நிலையை அளக்க வைத்தியர்கள் உபயோகிக்கும் 23 கேள்விகள் கொண்ட ஒரு முறையில், 5 வயதுப் பிள்ளையையே நேரில் கேட்கிறார்கள். பெற்றோரைத் தனியே கேட்கிறார்கள். பெற்றோர் சொல்வதே பிள்ளையின் மனமாகிவிடாது என்பதுதான் காரணம்.

ஆகவே தோழர்களே! பயமிருக்கிறதா, தூக்கம் வருகிறதா என்று பிள்ளையைக் கேளுங்கள். பயம் தீராவிடில் மனோவைத்தியரிடம் அழைத்துப் போங்கள். இருதயத்திற்கு வைத்தியம் பார்ப்பது கௌரவம், மனதிற்குப் பார்ப்பது அவமானம் என்பது எந்த ஊர் நியாயம்?