வயர் இல்லாத கிட்டாரும் எண்ணூறு கைப்பேசியும்

"அக்கா, கிட்டாருக்கு வயர்லெஸ் வாங்கணும். எது நல்லது?"

வானொலியில் வேலை செய்பவளுக்கு மைக், வயர், அலைவரிசை எல்லாம் அத்துப்படி என்று ஒரு நம்பிக்கை. மாதத்துக்கு இரண்டு பேராவது இப்படிக் கேட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் கிள்ளான், ஷா ஆலம், பிரிக்பீல்ட்ஸ் பக்கத்துத் தம்பிகள். பகலில் ஏதோ ஒரு வேலை, வார இறுதியில் கல்யாண விருந்து அல்லது கோயில் திருவிழா மேடை. கேள்வியோடு பெட்டியின் படமும் வரும். அதில் ஏதாவது ஓர் எண்ணுக்கு வட்டம் போட்டிருப்பார்கள். எழுபது அடி போகுமாம், நூறு அடி போகுமாம்.

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். எந்த மேடை?

சாதனம் இதுதான். கட்டைவிரலை விடக் கொஞ்சம் பெரிய இரண்டு துண்டுகள். ஒன்று கிட்டாரில் வயர் சொருகும் ஓட்டையில் உட்காரும், அது டிரான்ஸ்மிட்டர். மற்றது ஆம்பிலோ காலடிப் பெடலிலோ உட்காரும், அது ரிசீவர். இடுப்பில் பெட்டி கட்ட வேண்டாம், அலைவரிசை தேட வேண்டாம். பாஸ் டபிள்யூஎல்-20 மாதிரியில் இரண்டையும் ஒன்றோடொன்று சில விநாடிகள் சொருகி வைத்தாலே போதும், அதுவே இடம் பிடித்துக்கொள்ளும். மலிவான பெயர்களில் இருநூறு முந்நூறு வெள்ளிக்கும் கிடைக்கிறது. பெயர் பெற்றவை ஆயிரத்தை நெருங்கும். வார இறுதி வாசிப்பில் வரும் பணத்துக்கு அது சின்னத் தொகை அல்ல. அதனால்தான் இத்தனை விளக்கம்.

பெட்டியில் போட்டிருக்கும் அடிக்கணக்கு பொய் இல்லை. டிரான்ஸ்மிட்டருக்கும் ரிசீவருக்கும் இடையில் எதுவுமே இல்லாதபோது அளந்தது அது. நம் ஊர் மேடையில் இடையில் எதுவுமே இல்லாத நேரம் எது? சவுண்ட் செக் நேரம் மட்டும்தான்.

போன ஆண்டு கிள்ளானில் ஒரு திருமண விருந்துக்கு நான் அறிவிப்பாளர். மாலை நான்கு மணிக்குக் காலி மண்டபத்தில் கிட்டார்காரத் தம்பி கதவு வரைக்கும் நடந்து வாசித்துக் காட்டினார். ஒரு சொட்டுகூட விடுபடவில்லை. இரவு எட்டே முக்காலுக்கு மணமக்கள் உள்ளே வந்தார்கள். அவர் மேடையிலிருந்து இறங்கி முன்னால் வாசித்துக்கொண்டே நடக்க வேண்டும், அதுதான் ஏற்பாடு. நான்காவது மேசையைத் தாண்டியதும் சத்தம் விட்டுவிட்டு வந்தது. பிறகு நின்றேபோனது. கீபோர்டுகாரர் சமாளித்தார். தம்பி வாசிப்பதுபோல் கையை அசைத்துக்கொண்டு நடந்தார். வீடியோவில் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் முகம் எனக்குத் தெரிந்தது.

சாதனம் கெட்டுப்போகவில்லை. மேசைக்குப் பத்துப் பேர் வீதம் எண்பது மேசை, எண்ணூறு பேர். ஆளுக்கு ஒரு கைப்பேசியாவது. இந்தச் சின்னச் சாதனங்களில் பெரும்பாலானவை ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் குடியிருப்பதும் அங்கேதான். உரிமம் எடுக்காமல் யாரும் பயன்படுத்தலாம் என்பதால் எல்லாரும் அங்கே கூடியிருக்கிறார்கள். அந்தப் பட்டையில் ஒன்றையொன்று இடிக்காமல் ஓடக்கூடிய வைஃபை தடங்கள் மூன்றுதான்: 1, 6, 11. மண்டபத்தின் வைஃபையும் விருந்தாளிகளின் ஹாட்ஸ்பாட்டும் அந்த மூன்றையும் நிரப்பிவிட்டால், மிச்சம் இருக்கும் சந்துபொந்துகளில்தான் கிட்டார் சத்தம் ஓட வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பலர் யோசிப்பதில்லை. மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். இந்த அலைகளைத் தண்ணீர் விழுங்கும். காலி மண்டபத்தில் நாற்காலிகள் தடுக்காது. ஆள் உட்கார்ந்த, எழுந்து நின்று படம் பிடிக்கும் மண்டபம் தடுக்கும்.

கல்யாணத்துக்கென்றே ஒரு தனித் தொல்லையும் இருக்கிறது. புகைப்படக்காரர்கள் பிளாஷை இயக்கும் டிரிகர் பலவும் இதே 2.4தான். மணமக்கள் நுழையும் நேரத்தில்தான் நான்கு கேமராக்கள் ஒன்றாக மின்னும். கிட்டார்காரர் நடப்பதும் அதே நேரம்!

அப்படியானால் 5.8 கிகாஹெர்ட்ஸ் வாங்கலாமே என்று கேட்பீர்கள். வாங்கலாம். நக்ஸ் சி-5ஆர்சி போன்றவை அதில் ஓடுகின்றன. அங்கே கூட்டம் குறைவு, புளூடூத் கிடையாது. ஆனால் அலை எவ்வளவு சிறியதோ அவ்வளவுக்கு உடம்பு அதை மறைக்கும், தூரமும் குறையும். டிரோன் பறக்கவிடும் விருந்துகளில் அதன் வீடியோ 5.8இல் வருவதும் உண்டு. என் கணக்கு இப்படி: மேடையை விட்டு இறங்காதவர், கூட்டம் நிறைந்த மண்டபங்களில் வாசிப்பவர் 5.8 வாங்கட்டும். இறங்கி நடக்க வேண்டும் என்றால் இரண்டு பட்டையிலும் மாறி ஓடும் ஷூர் ஜிஎல்எக்ஸ்-டி16 பிளஸ் போன்ற பெரிய வகைக்குப் பணம் சேர்க்க வேண்டும். அது வரைக்கும் நடக்காமல் இருப்பதே நல்லது. சின்னச் சாதனத்தை வைத்துக்கொண்டு பெரிய நடை நடக்க முடியாது.

இருக்கிற சாதனத்திலேயே பாதிப் பிரச்சினையை இடம் மாற்றித் தீர்க்கலாம். நம் மேடைகளில் ஆம்ப் பின்னால் இருக்கும், ரிசீவரும் அதில் சொருகிப் பின்னாலேயே இருக்கும். கிட்டார்காரர் முன்னால் பார்த்து நிற்பார். டிரான்ஸ்மிட்டருக்கும் ரிசீவருக்கும் நடுவில் அவர் உடம்பே சுவர். மண்டபத்துக்குள் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஓரளவு கைகொடுக்கும். கோயில் திடலில் திருப்பி அனுப்பச் சுவரே கிடையாது. அதனால்தான் மண்டபத்தில் நன்றாக ஓடியது திடலில் திரும்பி நின்றாலே அறுந்துபோகிறது. ரிசீவரைக் காலடிப் பெடலோடு முன்னால் கொண்டுவாருங்கள், மானிட்டர் ஸ்பீக்கருக்குப் பின்னால் ஒளிய விடாதீர்கள். பிரிக்பீல்ட்ஸில் வாசிப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கேஎல் சென்ட்ரலைச் சுற்றி அடுக்குமாடிகள், ஹோட்டல்கள், ஒவ்வொரு வீட்டிலும் வைஃபை. தீபாவளிச் சந்தை நேரத்தில் ஜாலான் துன் சம்பந்தனில் கடைக்குக் கடை புளூடூத் ஸ்பீக்கர். கிள்ளான் ஜாலான் தெங்கு கிலானாவிலும் அதே கதைதான்.

தாமதம் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். தந்தியை மீட்டியதற்கும் சத்தம் வருவதற்கும் இடையே இருக்கும் நேரத்தைத்தான் சொல்கிறேன். சத்தம் காற்றில் ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லி விநாடி ஆகும். டபிள்யூஎல்-20க்குச் சொல்லப்படும் தாமதம் 2.3 மில்லி விநாடி. ஆம்பிலிருந்து ஏறக்குறைய இரண்டரை அடி தள்ளி நிற்பதற்கு அது சமம். 6 மில்லி விநாடி என்றாலும் இரண்டு மீட்டர்தான். ஆனால் காதில் இயர்போன் மாட்டி வாசிப்பவர்கள் கூட்டிப் பார்க்க வேண்டும். வயர்லெஸ், மல்டி எஃபெக்ட்ஸ், டிஜிட்டல் மிக்சர் என்று ஒவ்வொன்றும் சில மில்லி விநாடி சேர்க்கும். ஸ்டூடியோவில் என் குரலே ஹெட்போனில் சற்றுத் தாமதித்து வந்தால் தகர டப்பாவுக்குள் பேசுவதுபோல் இருக்கும். அந்த அவஸ்தை எனக்குத் தெரியும்.

பேட்டரிக்கு வருவோம். அழைப்பிதழில் 7 மணி என்று போட்டிருப்பார்கள். நம் ஆட்கள் உட்கார எட்டரை, முடியப் பதினொன்று. சவுண்ட் செக் நான்கு மணிக்கு. ஆக ஏழு மணி நேரம். எக்ஸ்வைவ் யூ2 போன்றவற்றுக்குச் சொல்லப்படுவது 5 மணி நேரம், அதுவும் புதிதாக இருக்கும்போது. செக் முடிந்ததும் இரண்டு துண்டையும் அணைத்து, சாப்பாட்டு நேரத்தில் பவர் பேங்கில் போடுங்கள். ரிசீவரும் பேட்டரியில்தான் ஓடுகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பத்து மணி நேரம் தாங்கும் வகை கிடைத்தால் கூடுதல் நூறு வெள்ளி கொடுக்கலாம் என்பேன். கூடுதல் தூரத்துக்குக் கொடுக்க மாட்டேன்.

வாங்கப் போகும்போது உங்கள் சொந்தக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போங்கள். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில் சொருகும் ஓட்டை குழிக்குள் சாய்வாக இருக்கும், சில டிரான்ஸ்மிட்டர் அதில் முழுதாக உட்காராது. பேட்டரி போட்ட ஆக்டிவ் பிக்கப் இருந்தால் சில மாதிரிகள் ஒத்துப்போகாது. சாதாரண பிக்கப்பில் நீள வயர் கொஞ்சம் கூர்மையைத் தின்னும். அந்தச் சத்தத்துக்குப் பழகிய காதுக்கு வயர்லெஸ் கீச்சென்று கேட்கும். டபிள்யூஎல்-20இல் வயரின் அந்தத் தன்மையைச் சேர்த்தே கொடுக்கிறார்கள். மற்றவற்றுக்கு ஆம்பில் டிரெபிளைச் சற்றுக் குறைத்தால் சரியாகிவிடும்.

பழைய இடுப்புப் பெட்டி வகையை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் அதன் அலைவரிசையைப் பாருங்கள். 2019 அக்டோபர் 31க்குள் நாட்டில் அனலாக் தொலைக்காட்சி முற்றாக நிறுத்தப்பட்டது. காலியான 700 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இப்போது 5ஜி ஓடுகிறது. அந்தப் பட்டையில் இருக்கும் பழைய செட்டை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். புதிதை இணையத்தில் வாங்கினாலும் எம்சிஎம்சி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

இதுவரை சொன்னது பணம், மானம் சம்பந்தப்பட்டது. கோயில் திருவிழாவில் வாசிப்பவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும், அது உயிர் சம்பந்தப்பட்டது.

1972 மே 3ஆம் தேதி, பிரிட்டனின் சுவான்சி நகரில் ஸ்டோன் தி குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, கையில் கிட்டாரோடு எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டார். மேடையிலேயே போனார். வயது 27. 1976 டிசம்பரில் அமெரிக்காவின் லேக்லாந்தில் கிஸ் குழுவின் ஏஸ் ஃபிரேலி, மேடைப் படிக்கட்டின் இரும்புக் கம்பியைத் தொட்டு மின்சாரம் தாக்கி விழுந்தார். பிழைத்துக்கொண்டார். அதன் பிறகு அந்தக் குழு கென் ஷாஃபர் உருவாக்கிய கம்பியில்லாச் சாதனத்துக்கு மாறியது. இந்தச் சாதனம் பரவியதற்கு மேடையில் ஓடியாடும் ஆசை மட்டும் காரணம் இல்லை.

எப்படி நடக்கிறது என்றால், கிட்டாரின் தந்தி வயர் வழியாக ஆம்பின் எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. மைக்கின் இரும்பு உடம்பு மிக்சரின் எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. நம் திருவிழாக்களில் சவுண்ட் சிஸ்டம் ஜெனரேட்டரில் ஓடும். ஆம்புக்குக் கோயில் சுவரிலிருந்து ஒரு நீள வயர் இழுத்திருப்பார்கள். எர்த் இரண்டு. ஒன்று கெட்டிருந்தாலும் போதும், விரல் தந்தியில், உதடு மைக்கில் பட்டால் நடுவில் இருப்பது நாம். இரண்டு முள் பிளக்கை, எர்த் ஓட்டையில் பேனாவை அழுத்திச் சொருகும் நம் ஊர்க் கைவேலையையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிட்டாரின் வயரை எடுத்துவிட்டால் தந்தி எதோடும் சேர்ந்திருக்காது, அந்தப் பாதை அறுந்துவிடும். இருநூறு வெள்ளிச் சாதனமும் இதைச் செய்யும். ஆனால் கோயில் மேடையில் நாம் செருப்பைக் கழற்றிவிடுகிறோம். வெறுங்காலால் மிதிக்கும் பெடலின் உடம்பு இரும்பு, அதுவும் ஆம்பின் எர்த்தோடு சேர்ந்ததுதான். மாலை மழையில் தரை ஈரம். கை வழியாக மூடிய பாதை கால் வழியாகத் திறக்கிறது. பாஸ் கிட்டார்காரரும் பாடகரும் வயரோடு நிற்கிறார்கள் என்றால் அவர்களுக்கு நீங்கள் வாங்கிய வயர்லெஸ்ஸால் ஒரு பயனும் இல்லை.

அதனால் ஆம்பும் சவுண்ட் சிஸ்டமும் ஒரே இணைப்பிலிருந்து வரட்டும் என்று ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். ஜெனரேட்டர் என்றால் எர்த் அடித்திருக்கிறார்களா என்று சவுண்ட் சிஸ்டம்காரரிடம் கேளுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. எர்த் சரியாக இணைக்காத ஜெனரேட்டரில் ஆர்சிடி விழாமலே போகலாம். காலடியில் காய்ந்த ரப்பர் பாய் ஒன்று, மைக்குக்கு ஸ்பாஞ்சு உறை ஒன்று. ஹார்ட்வேர் கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் டெஸ்டரையும் பையில் போட்டு, பாட ஆரம்பிக்கும் முன் மைக்கின் வலையில் வைத்துப் பாருங்கள். விளக்கு எரிந்தால் அந்த மேடையில் அந்த மைக்கில் யாரும் பாட வேண்டாம், சாமி புறப்பாடு நேரமாகவே இருந்தாலும்.