சேமி பொத்தான் எங்கே?

768 பிக்சல் உயரத் திரை கொண்ட மடிக்கணினிகள் நம் வீடுகளில் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றில் நீளமான படிவத்தைத் திறந்தால் ‘சேமி’ பொத்தான் திரைக்குக் கீழே போய் ஒளிந்துகொள்கிறது. முழுச் சாளரத்தையும் உருட்டவிடுவது தீர்வல்ல. உள்ளீட்டுப் பெட்டிகள் மட்டும் உருளட்டும், பொத்தான்கள் வெளியே நிலையாக நிற்கட்டும். பைத்தானின் சாளர இடைமுக நூலகமான டிகின்டரில், உள்ளீட்டுப் பெட்டிகளைத் தாங்கும் ஃபிரேமுக்குத் தானாக உருளத் தெரியாது. அதைக் கேன்வாஸுக்குள் வைத்து, உள்ளடக்கத்தின் அளவு மாறும்போதெல்லாம் உருளக்கூடிய எல்லையைக் குறிக்கும் ஸ்க்ரோல்ரீஜனையும் புதுப்பிக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையை விட்டுவிட்டால் உருள்பட்டை இருந்தும் பயனில்லை. உருளும் பகுதிக்குள் இன்னொரு உருளும் பட்டியலைத் திணிப்பதை நான் அறவே எதிர்க்கிறேன். மவுஸ் சக்கரத்தைச் சுழற்றினால் எது நகரும் என்றே பயனருக்குப் புரியாது. லேபிள்களின் அகலத்தைப் பிக்சலில் கட்டிப்போடவும் கூடாது. ‘விண்ணப்பதாரர் பெயர்’ ‘விண்ணப்பதா’ என்று அறுந்து நிற்கும்.