ஒரே ஷிஃப்ட்

"இந்தக் காலத்துக் காதல் எத்தனை நாளைக்கு?" என்று கேட்டுப் பழகிவிட்டோம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஆலைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் என்றால் கேள்வியே கிடையாது, தீர்ப்புதான். கம்பெனி பஸ்ஸில் தொடங்கும், கான்ட்ராக்ட் முடிந்தால் முடியும் என்போம். எழுதுகிறவர்கள், சங்கம் நடத்துகிறவர்கள், வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் எல்லோருமே இதைச் சொல்லியிருக்கிறோம். செய்யாமல் விட்டதையெல்லாம் மூடிவைக்க அந்தப் பேச்சு நமக்கு வசதியாக இருந்தது.

அவனுக்கு நைட் ஷிஃப்ட், அவளுக்குக் காலை. வார விடுமுறையும் வேறு வேறு நாள். விடுதிக்குத் திரும்ப நேரக்கட்டுப்பாடு உண்டு. சுங்குவார்சத்திரத்தில் ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குள் வாழ்க்கையைப் பேசி முடிக்க வேண்டும். சேர்ந்து வீடு தேடினால் முதல் கேள்வி கல்யாணம் ஆயிற்றா, அடுத்தது நீங்கள் என்ன ஆளுங்க. இவ்வளவுக்கும் நடுவில் வருஷக்கணக்காகக் காத்திருந்து, தங்கை கல்யாணக் கடனையும் அடைத்துவிட்டுச் சேர்ந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நாம் எழுதவில்லை.

2024 ஜூனில், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பொருத்தும் வேலைக்கு மணமான பெண்களை எடுப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது, தேசிய மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. நாம் சில நாள் கொதித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டோம். மெட்டி போட்டால் வேலை போய்விடுமோ என்று பயப்படுகிற பெண், காதலித்தவனைக் கட்டிக்கொள்வதைத் தள்ளித்தான் போடுவாள். அந்தத் தள்ளிப்போடலைப் பார்த்துத்தான், 'இதெல்லாம் சும்மா பழக்கம்' என்றோம்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய பெண்கள் விடுதி திறக்கப்பட்டது. செலவு 706.50 கோடி ரூபாய், படுக்கைகள் 18,720, அறைக்கு ஆறு பேர். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு சாப்பிட்டு நோயுற்ற தோழிகளுக்காக நெடுஞ்சாலையில் உட்கார்ந்து போராடிய ஃபாக்ஸ்கான் பெண்களை நினைத்தால், நல்ல கூரை எவ்வளவு அவசியம் என்று புரியும். ஆனால் அங்கே தங்கும் பெண்ணுக்குக் கல்யாணமானால் எங்கே குடியிருப்பாள் என்று நாம் உரக்கக் கேட்கவில்லை.

சாதி விஷயத்தில் நம் மௌனம் இன்னும் கொடியது. உடுமலைப்பேட்டை சங்கரும் கௌசல்யாவும் சாதி மறுத்துக் கல்யாணம் செய்துகொண்ட எட்டு மாதத்தில், 2016 மார்ச் 13 அன்று, பட்டப்பகலில் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். அன்பு வற்றியா அந்த மணவாழ்க்கை முடிந்தது? அதைப் பார்த்த பிறகும், காதல் நிலைக்காததற்குப் பிள்ளைகளின் மனத்தையே குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

முப்பது பேருக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொல்லியிருந்தது. எத்தனை கம்பெனிகளில் அது ஒழுங்காக நடந்தது என்று நாம் போய்ப் பார்த்திருக்க வேண்டும். கணவனும் மனைவியும் இந்தப் பகுதியிலேயே வேலை பார்த்தால் இருவருக்கும் ஒரே ஷிஃப்ட், ஒரே நாளில் விடுமுறை என்பதைச் சம்பள உயர்வோடு சேர்த்துக் கோரிக்கையாக வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை.