தொட்டுப் பார்க்கட்டும் பிள்ளைகள்!

“தொடாதே!”

பிள்ளைகள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை இந்தச் சொல்லைக் கேட்கிறார்கள்? எண்ணிப் பார்த்தால் பெற்றவர்களுக்கே வெட்கமாக இருக்கும்.

பல்லடம் பக்கத்தில் இந்தச் சொல் இன்னும் அதிகம். காரணம் இருக்கிறது. அங்கே ஊருக்கு ஊர் விசைத்தறி. ஓடுகிற தறியில் கை வைத்தால் விரல் போய்விடும். தோட்டத்துக்குப் போனால் மோட்டார், கரண்டு. ஆகவே தாய் அதட்டுகிறாள். தகப்பன் மிரட்டுகிறான். அதில் தப்பு இல்லை.

ஆனால் பிள்ளையின் கை சும்மா இருக்குமா? கண் பார்த்ததைக் கை தொட வேண்டும். தொட்டால்தான் அதற்குப் புரியும். ஆகையால், “தொடு” என்று சொல்லுகிற இடம் ஒன்று வேண்டும்.

அப்படி ஓர் இடம் கோவையில் இருக்கிறது. கொடிசியா பொருட்காட்சி வளாகத்தின் பக்கத்தில் உள்ள மண்டல அறிவியல் மையம்தான் அது. பல்லடத்தில் இருந்து கோவை சுமார் 35 கிலோ மீட்டர். சிங்காநல்லூரில் இறங்கி, ஹோப் காலேஜ் பக்கம் போகும் பஸ்ஸைப் பிடிக்கலாம்.

இது போன்ற மையங்களில் பொத்தானை அமுக்கலாம். சக்கரத்தைச் சுற்றலாம். கயிற்றை இழுக்கலாம். வளைந்த கண்ணாடி முன் நின்று, குண்டாகவும் ஒல்லியாகவும் மாறிச் சிரிக்கலாம். யாரும் அதட்டுவதில்லை.

மாட்டுப் பண்ணையில் இருந்து வந்தவர்

பொருட்காட்சி சாலை என்றாலே கண்ணாடிப் பெட்டிதான் பலருக்கு நினைவு வரும். உள்ளே பொருள். வெளியே காவலர். பிள்ளைகளுக்கு என்றே உலகில் முதன் முதலில் ஒரு பொருட்காட்சி சாலை திறந்தது, அமெரிக்காவில் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில். ஆண்டு 1899.

பிறகு 1969-ல் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒன்று வந்தது. அதன் பெயர் எக்ஸ்புளோரட்டோரியம். அதை நிறுவியவர் பிராங்க் ஓப்பன்ஹைமர். அணுகுண்டு செய்த விஞ்ஞானிகளுக்குத் தலைமை வகித்த ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி.

இந்தத் தம்பியும் விஞ்ஞானிதான். ஆனால் அரசியல் காரணத்தால் பல்கலைக் கழக வேலை போயிற்று. என்ன செய்தார்? கொலராடோ மாநிலத்தில் மாட்டுப் பண்ணை வைத்தார். சுமார் 10 ஆண்டு மாடு வளர்த்தார். பிறகு அங்கேயே ஒரு சின்ன ஊரின் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஆனார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த அனுபவத்தில்தான், எல்லாவற்றையும் தொட்டு இயக்கிப் பார்க்கும் பொருட்காட்சி சாலை வேண்டும் என்று துணிந்தார். பொருட்காட்சி சாலையில் யாரும் பெயில் ஆவதில்லை என்று அவர் சொல்லுவது உண்டு.

நம் நாடும் பின்தங்கி நிற்கவில்லை. கல்கத்தாவில் பிர்லா தொழில் பொருட்காட்சி சாலை 1959-ல் திறக்கப்பட்டது. பெங்களூரில் விசுவேசுவரய்யா பெயரில் 1962-ல் ஒன்று வந்தது. 1965-ல் கல்கத்தாக்காரர்கள், காட்சிப் பொருள்களைப் பஸ்ஸில் ஏற்றிக் கிராமங்களுக்கே கொண்டு போனார்கள்.

கையைக் கட்ட வேண்டியவர் யார்?

இடம் இருக்கிறது. போகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் போகிற விதம் சரியாக இல்லை.

பள்ளிக்கூடத்தில் இருந்து பஸ் வரும். பிள்ளைகள் வரிசையாக உள்ளே போவார்கள். வரிசையாக வெளியே வருவார்கள். “நட, நட” என்று குரல் கேட்கும். ஒரு பிள்ளை ஒரு பொத்தானை அமுக்கி, என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்குள் பின்னால் இருப்பவன் தள்ளுவான்.

வீட்டாரோடு வருகிற பிள்ளைக்கு வேறு தொல்லை. அது கயிற்றைத் தொடும் முன்பே, “இப்படி இழுக்கணும்” என்று தகப்பனார் இழுத்துக் காட்டி விடுகிறார். அது யோசிக்கும் முன்பே, பலகையில் உள்ள பதிலை அம்மா படித்து விடுகிறாள். பிறகு போட்டோ. பிறகு அடுத்த அறை.

இங்கே கையைக் கட்டிக்கொள்ள வேண்டியவர்கள் பெரியவர்களே! பிள்ளை தப்பாக இழுக்கட்டும். ஒன்றும் நடக்காது. மறுபடியும் வேறு மாதிரி இழுக்கும். பத்துத் தடவை இழுக்கட்டுமே! ஒரே சாமானில் அரை மணி நேரம் நின்றால், “காசு வீண்” என்று நினைக்க வேண்டாம். அந்த அரை மணி நேரத்துக்குத்தான் டிக்கெட். நாலு வயதுப் பிள்ளை ஒரு நாளில் மூன்று சாமான்களைச் சரியாகப் பார்த்தால் போதும்.

அதற்காக, சாமானை உடைத்தாலும் விட்டுவிட வேண்டுமா? கூடாது. சுற்றுவது வேறு, அதன் மேல் ஏறித் தொங்குவது வேறு. கைப்பிடி உடைந்தால், அடுத்து வருகிற பிள்ளை ஏமாந்து போகும். இதை வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப் போக வேண்டும்.

அப்பாருவையும் கூட்டிப் போங்கள்

“நமக்கு என்ன தெரியும்? நாம் படிக்கவில்லையே” என்று சில தாய்மார்கள் வாசலிலேயே உட்கார்ந்து விடுகிறார்கள். இதுதான் எல்லாவற்றிலும் பெரிய நஷ்டம்.

விஞ்ஞானப் பூங்காக்களில் கப்பி மாட்டிய நாற்காலி வைத்திருப்பார்கள். கயிற்றை இழுத்தால், உட்கார்ந்திருப்பவரே தன்னை மேலே தூக்கிக் கொள்ளலாம். கப்பிகள் கூடக் கூடப் பளு குறைந்தது போல் இருக்கும். ஆனால் இழுக்க வேண்டிய கயிறு நீளும்.

இதைக் கொங்கு நாட்டு அப்பாருவுக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா? கவலை இறைத்த காலத்தைப் பார்த்தவர் அவர். மாடு முன்னால் நடக்கும். சால் கிணற்றில் இருந்து மேலே வரும். திசையை மாற்றியது எது? கப்பி. மாடு இறங்கி நடக்கச் சரிவாக வாரி வெட்டியது ஏன்? மாட்டின் எடையும் சேர்ந்து இழுக்கட்டும் என்றுதான். பலகையில் எழுதாத இந்த விஷயத்தை அவர் சொன்னால், பேரன் வாயைப் பிளந்து கேட்பான். அவருக்குப் படிக்கத் தெரியாவிட்டால், பலகையைப் பேரன் படித்துச் சொல்லட்டும்.

தறி ஓட்டுகிற தகப்பனாரும் அப்படித்தான். பாவு எப்படிப் பிரிகிறது, நாடா எப்படிப் பாய்கிறது என்று அவரைவிட நன்றாக யார் சொல்ல முடியும்? அம்மாவுக்கும் வேலை உண்டு. எவர்சில்வர் கரண்டியின் குழிந்த பக்கத்தில் முகம் தலைகீழாகத் தெரியும். புடைத்த பக்கத்தில் நேராக, சின்னதாகத் தெரியும். வளைந்த கண்ணாடியின் சங்கதியும் அதுவே.

கோவைக்குப் போகிற வழியில் சூலூர் வருகிறது. அதற்குப் பக்கத்தில் கலங்கல் என்ற கிராமம். 1893-ல் ஜி. டி. நாயுடு பிறந்த ஊர். பள்ளிக்கூடப் படிப்பில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். அதன் மேல் ஆசை வந்தது. கோவை ஓட்டலில் வேலை செய்து, காசு சேர்த்து, அந்த வண்டியையே வாங்கினார். வாங்கி என்ன செய்தார்? அக்கு அக்காகக் கழற்றினார்! மறுபடியும் பூட்டினார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டார். பின்னால் மோட்டார் தொழிற்சாலைகளே நடத்தினார்.

அந்தக் கையை யாராவது கட்டிப் போட்டிருந்தால்?

ஒரு விஷயத்தில் பல்லடத்துக் குடும்பங்களுக்குக் கஷ்டம்தான். போக வர பஸ் செலவு, ஒரு நாள் கூலி, மத்தியானச் சோறு எல்லாம் சேர்த்தால் நாலு பேருக்குச் சின்னத் தொகை அல்ல. கல்கத்தாக்காரர்கள் அன்று செய்தது போல, காட்சிப் பஸ் பல்லடத்துக்கும், சுற்றியுள்ள ஊர்களுக்கும் அடிக்கடி வர வேண்டும். பள்ளிக்கூட வாசலில் நிற்க வேண்டும். பிள்ளைகளோடு பெற்றவர்களையும் ஏற்ற வேண்டும். கேட்டால்தான் வரும். பெற்றோர் கூட்டத்தில் இதைக் கேட்கலாம்.

அதுவரை வீட்டில் பழைய சைக்கிள் டைனமோ கிடந்தால், பழைய இரும்புக்காரருக்குப் போடாமல் பிள்ளையிடம் கொடுங்கள். கழற்றட்டும். உள்ளே காந்தமும் கம்பிச் சுருளும் இருக்கும். திரும்பப் பூட்டத் தெரியாவிட்டால் அப்பாருவைக் கூப்பிடும்.