ஏமாந்த அக்காவைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்

எங்கள் மேற்கணக்கில் ஒரு அக்கா போன மாதம் 38,000 ரூபாயைப் பறிகொடுத்தார். சீட்டுப் பிடித்து எடுத்த காசு. மூன்று கிழமை யாரிடமும் வாய் திறக்கவில்லை. விஷயம் வெளியே வந்ததும் பிரட்டுக்களத்தில் சிரித்தார்கள். நம் கமிட்டிக் கூட்டத்திலேயே ஒருவர், "பேராசை பிடித்தால் இப்படித்தான்" என்றார். அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். வெளிநாட்டில் இருப்பதாகச் சொன்ன ஒருவர் பேஸ்புக்கில் பழகி, பரிசுப் பார்சல் அனுப்பியிருக்கிறேன் என்றார். இரண்டு நாளில் ஒரு பெண் போன் எடுத்தாள். "கட்டுநாயக்க சுங்கத்திலிருந்து பேசுகிறேன் அம்மா. பார்சலில் நகை இருக்கிறது, வரி கட்ட வேண்டும்." கொடுத்தது ஒரு தனியாளின் வங்கிக் கணக்கு. அக்கா 15,000 போட்டார். மறுநாள் அதே குரல்: "தண்டப்பணம் 23,000. இன்றைக்கே கட்டாவிட்டால் கேஸ் வரும்." அதையும் போட்டார்.

முதல் காசு ஆசையில் போனது என்றே வைத்துக்கொள்வோம். இரண்டாவது? அது பயத்தில் போனது. லயத்து வாசலில் பொலிஸ் வந்து நிற்குமே என்ற பயம்.

அந்தப் பயம் அவர் ஒருவருடையது அல்ல. கங்காணி காலத்தில் நம் முன்னோரின் கடனைத் துண்டில் எழுதி, அந்தத் துண்டோடு ஆளையும் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றினார்கள். 1921இல் துண்டு முறை ஒழிந்தது. 1948இல் ஒரு சட்டம் வந்து பிரஜாவுரிமையைப் பறித்தது. அதை முழுதாகத் தீர்க்க 2003 வரை ஆனது. அரசாங்கத்தின் பெயரால் யாராவது அதட்டினால், "எதற்கு?" என்று கேட்காமல் பணியும்படி நம்மைப் பழக்கிவிட்டார்கள்.

2024இல் 18 வயதான எல்லோரும் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் பதிந்து டின் இலக்கம் எடுக்க வேண்டும், தவறினால் தண்டம் என்றார்கள். நம் லயங்களில் பலர் வரி கட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நடுங்கினார்கள். டின் எடுப்பது வேறு, வரி கட்டுவது வேறு. அதைத் தோட்டத்துக்கு வந்து தமிழில் சொல்ல ஒரு அதிகாரி இல்லை. இலவசமான அந்தப் பதிவுக்கு ஆளுக்கு 500 ரூபாய் வாங்கிய ஒருவரை எனக்குத் தெரியும். 1987இலிருந்து தமிழும் ஆட்சிமொழிதான், சட்டத்தில். அக்காவை முறைப்பாடு செய்ய நான் கூட்டிப்போன இடத்தில் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்துக் கேட்டார்கள். கள்ளனோ நல்ல தமிழில், "அம்மா" என்று கூப்பிட்டுப் பேசுகிறான்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். நாட்சம்பளம் 1,750 என்று வையுங்கள். முப்பது நாளும் முழுப் பேர் போட்டாலும் 52,500. 2025 ஏப்ரல் முதல் மாதம் 150,000க்கு மேல் வருமானம் உள்ளவருக்குத்தான் வருமான வரி. ஆகவே கொழுந்துக் கூடை சுமக்கிறவரிடம் வருமான வரி பாக்கி என்று போன் வந்தால், பேசுகிறவன் கள்ளன். நாம் வரி கட்டாதவர்களும் அல்ல. சவர்க்காரத்திலும் போன் ரீலோடிலும் 18 வீதம் வற் வரியைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

சம்பளத்தில் சேமலாப நிதிக்கு 8 வீதம் எப்படிப் போகிறது? கழித்துக்கொண்டு மீதியைத் தருகிறார்கள், சீட்டில் எழுதியிருக்கிறது. உங்களுக்குப் பணம் தரப்போகிறவர் முதலில் நீங்கள் பணம் அனுப்புங்கள் என்று கேட்டால், அது பொய். உண்மையாகவே பார்சல் வந்து வரி இருந்தாலும், தனியாள் கணக்கில் போடச் சொல்லிச் சுங்கம் போன் எடுக்காது. சுங்கத் திணைக்களமே இதைப் பலமுறை எச்சரித்திருக்கிறது. தபால் திணைக்களத்தின் பெயரில் லிங்க் வைத்து வரும் மெசேஜும் இதே வேலைதான். அதைத் தொட வேண்டாம். போனுக்கு வரும் ஓ.டி.பி. இலக்கத்தை வங்கி மனேஜர் கேட்டாலும் சொல்ல வேண்டாம். வரி பற்றிச் சந்தேகமா, வந்த நம்பருக்குத் திருப்பி எடுக்காமல் இறைவரித் திணைக்களத்தின் 1944க்கு எடுங்கள். காசு போய்விட்டதா, அந்த நிமிஷமே வங்கிக்குச் சொல்லுங்கள், பிறகு பொலிஸுக்கு. அக்கா மூன்று கிழமை மறைத்தது நம் சிரிப்புக்குப் பயந்துதான். முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த 23,000மாவது மிஞ்சியிருக்கும்.

நம் சங்கத்தையும் விடமாட்டேன். சந்தா ஒழுங்காகக் கழிகிறது, ஆனால் இந்த மோசடி பற்றி இன்றுவரை ஒரு துண்டுப்பிரசுரம்கூட நாம் அடிக்கவில்லை. அக்கரப்பத்தனை டவுனுக்குத் தமிழ் தெரிந்த இறைவரி அதிகாரி மாதத்தில் ஒருநாளாவது வர வேண்டும், முறைப்பாட்டைத் தமிழில் எழுத வேண்டும் என்று மாவட்டக் கமிட்டி எழுத்தில் கேட்கட்டும்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு எங்கள் பாடசாலையில் இருப்பேன். சந்தேகமான மெசேஜ் எந்த மொழியில் வந்திருந்தாலும் போனோடு கொண்டு வாருங்கள், சேர்ந்து வாசிப்போம். அந்த அக்காவும் வருகிறார். நடந்ததைத் தானே சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.