மாமாவுக்கு நீச்சல் தெரியுமா?

தாம்பரம்வாசிகளுக்கு செக்கிங் புதிதல்ல. ரயிலில் டி.டி.இ., ஜி.எஸ்.டி. ரோட்டில் டிராஃபிக் போலீஸ், வீட்டில்... (வேண்டாம், இதை அவளும் படிப்பாள்). ஆனால் கடலிலும் வழிமறித்து 'கார்டை எடு' என்பார்கள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை. ஆபீஸ் நண்பர்கள் நாலு பேர், நான் ஐந்தாவது. வண்டலூர் - கேளம்பாக்கம் ரோடு வழியாக கோவளம். "முட்டுக்காடு போட் ஹவுஸ் போதுமே" என்றேன்.

"அது வெறும் உப்பங்கழி சார். நாம கடலுக்கே போவோம்" என்றார் பக்கத்து ஸீட் நண்பர். தண்ணீரில் அவருடைய அனுபவம், 2015 டிசம்பரில் முடிச்சூரில் இடுப்பளவு வெள்ளத்தில் நடந்தது மட்டும்தான்.

ஒரு மீனவ அண்ணனை நச்சரித்து ஃபைபர் போட்டில் ஏறினோம். கரை தீப்பெட்டி சைஸுக்குச் சுருங்கியபோது எதிரே சீறிக்கொண்டு வந்தது இன்னொரு போட். மரைன் போலீஸ்! அண்ணன் சட்டென்று இன்ஜினை அணைத்தார்.

நண்பர் எழுந்து நின்றார். போட் ஆடியது. "சார், எங்க மாமா செக்ரடேரியட்ல..."

எஸ்.ஐ. நிதானமாகக் கேட்டார். "மாமாவுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது சார்."

"அப்ப அவரைக் கூப்பிட்டுப் பிரயோஜனமில்லை. லைஃப் ஜாக்கெட் எங்கே?"

ஒருவரிடமும் இல்லை. அடுத்து அடையாள அட்டை. என்னிடம் மட்டும் இருந்தது, ரயில்வே ஸீஸன் டிக்கெட்!

"கடல்ல எதுக்கு சார் ஐ.டி.?" என்றேன்.

"2008 நவம்பர்ல மும்பைக்கு வந்த பத்து பேர், 'குபேர்'ங்கிற மீன்பிடிப் படகைக் கடத்தித்தானே வந்தாங்க? அதுக்கப்புறம்தான் மீனவர்களுக்கே பயோமெட்ரிக் கார்டு. கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் வரைக்கும் நாங்க. அதைத் தாண்டினா கோஸ்ட் கார்டு. 'சாகர் கவச்'னு ஒத்திகை வரும். எங்க ஆளுங்களே தீவிரவாதி வேஷத்துல போட்ல வருவாங்க, நாங்க பிடிக்கணும். உங்க நண்பர் முழியைப் பார்த்து ஒத்திகையோன்னு நினைச்சிட்டேன்."

சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

"2011 கிறிஸ்துமஸ் அன்னிக்கு பழவேற்காட்டுல இப்படித்தான் ஜாலியா போட்ல போனாங்க. 22 பேர் திரும்பி வரலை."

அலைச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் அண்ணன் பக்கம் திரும்பினார். "மீன் பிடிக்கிற போட்ல ஆள் ஏத்தலாமா? இவங்க ஸண்டே முடிஞ்சா ஆபீஸ் போயிடுவாங்க. உன் போட்டை நிறுத்தி வெச்சா உன் வீட்ல அடுப்பு எரியுமா?"

அண்ணன் தலை குனிந்தார். நியாயமாகக் குனிய வேண்டியது எங்கள் தலை. வேண்டாம் என்றவரை 'சும்மா ஒரு ரவுண்டுண்ணே' என்று கெஞ்சியது நாங்கள்தானே! "தப்பு எங்க மேலதான் சார்" என்றேன். எஸ்.ஐ. எச்சரித்து, கரை வரை கூடவே வந்து விட்டுவிட்டுப் போனார்.

கடலுக்குப் போகும் வாலிபர்களே, பாடம் இதுதான்: பயணிகளை ஏற்ற அனுமதியுள்ள படகில் மட்டும் ஏறுங்கள். லைஃப் ஜாக்கெட்டை ஸீட்டுக்கு அடியில் வைக்காதீர்கள், மாட்டுங்கள். அடையாள அட்டை பாலிதீன் கவரில் இருக்கட்டும். போலீஸ் படகு வந்தால் எழுந்து நிற்காதீர்கள், படகோட்டி பேசட்டும். ஆபத்து என்றால் 1093.

திரும்பும் வழியில் டிராஃபிக் கான்ஸ்டபிள் கை காட்டினார். நண்பர் தலையில் ஹெல்மெட் இல்லை. "சார், எங்க மாமா..." என்று ஆரம்பித்தவர், என்னைப் பார்த்தார்.

"ஃபைன் எவ்வளவு சார்?" என்றார்.