புது பேட்டரி போட்டால் மட்டும் போதுமா?

இன்றைய பாடம் கார் பேட்டரி. சிரிக்காதீர்கள், பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் இது.

2023 டிசம்பர் வெள்ளத்தை ஏரல்காரர்கள் மறக்க முடியுமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி பெருக்கெடுத்து, பாலமும் சேதமாகி, ஊரே தீவாகிப்போனது. என் பழைய காரும் சேற்றுத் தண்ணீரில் நின்றது. கழுவி, ஆயில் மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

சமீபத்தில் பேட்டரி செத்துப்போனது. புதிது போட்டேன். அதன் பிறகும் ஹெட்லைட் மங்கல், பவர் விண்டோ ஆமை வேகம், மீட்டரில் கண்ட விளக்கெல்லாம் எரிந்தன. பத்தாம் நாள் விடியற்காலை வீட்டம்மாவுக்கு மூச்சுத்திணறல். சாவியைத் திருப்பினால் ‘டிக் டிக்’ என்ற சத்தம் மட்டும்தான். பக்கத்து வீட்டுத் தம்பியின் வண்டியில் பாளையங்கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தோம். அவள் இப்போது நலம். ஆனால் அந்தக் காலை நேரம் இன்னும் என் நெஞ்சை விட்டுப் போகவில்லை.

ஒருவர் ஸ்டார்ட்டரை மாற்றச் சொன்னார். இன்னொருவர், “கம்ப்யூட்டர் போர்டு போச்சு சார், நாற்பதாயிரம் ஆகும்” என்றார். இருவருமே எதையும் அளந்து பார்க்கவில்லை. என் ஆதங்கமே அதுதான்.

கடைசியில் ஒரு வயதான எலெக்ட்ரீஷியன் மல்டிமீட்டரோடு வந்தார். பேட்டரியில் 12.6 வோல்ட், சரியாக இருந்தது. பிறகு ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் இரும்பிலும் வைத்து ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வோல்ட் காட்டியது. எர்த் வயர் பாடியில் சேரும் இடத்தில் வெள்ளத்துச் சேறும் துருவும். கரண்ட் திரும்பிவர வழியில்லாமல்தான் அத்தனை கோளாறும். உப்புத்தாளால் தேய்த்து, வயர் முனையை மாற்றி, முடுக்கினார். செலவு சில நூறு ரூபாய்.

ஆகவே பிள்ளைகளே, பேட்டரி மாற்றியபின் கோளாறு வந்தால் இந்த வரிசையில் பாருங்கள்:

1. டெர்மினல் இறுக்கமா, பூத்திருக்கிறதா? கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.
2. மெயின் பியூஸும் எர்த் வயரும்.
3. இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வர வேண்டும். வராவிட்டால் ஆல்டர்னேட்டர் பக்கம் பாருங்கள். புது பேட்டரியும் சீக்கிரம் சாகும்.
4. வண்டியைப் பூட்டிக் கொஞ்ச நேரம் கழித்தும் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் கரண்ட் போனால் எங்கோ கசிவு.

கடிகாரம் தப்பாகக் காட்டுவதும், பவர் விண்டோ ஒரே தொடுதலில் ஏறாததும் கோளாறு அல்ல. மறுபடி செட் பண்ணினால் சரியாகிவிடும்.

நம் கடலோரக் காற்றே உப்புக் காற்று. வெள்ளம் பார்த்த வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். எர்த் வயரை வருடம் ஒருமுறை கழற்றித் துடைக்கச் சொல்லுங்கள். பார்ட்ஸ் மாற்றச் சொல்பவரிடம், “அளந்து பார்த்தீர்களா?” என்று கேட்கத் தயங்காதீர்கள். அது மரியாதைக் குறைவு ஆகாது.

இதைச் சொல்ல எனக்கும் முழுத் தகுதி இல்லை. கண் பார்வை மங்கி போர்டு தெரியாமல் உட்கார்ந்திருந்த பையனை, மந்தம் என்று நினைத்து அடித்தவன்தான் நானும். அவனுக்குத் தேவைப்பட்டது ஒரு கண்ணாடி. அவன் இதைப் படித்தால், மன்னித்துக்கொள் தம்பி.

நலமாக இருங்கள். வண்டியைப் பார்த்து ஓட்டுங்கள்.